மண்ணே செய்யும் வேலை

கைக்கெட்டும் கருவிகள் – 12

மின்கட்டணம் கட்டத் தவறிய வீட்டுக்கு மின்வாரிய ஊழியர் வருவார். மீட்டர் பலகையிலிருந்து ஒரு வெள்ளைக் கட்டையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போவார். பணம் கட்டிய பிறகு அந்தக் கட்டை திரும்பி வந்து தன் இடத்தில் உட்காரும். தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் பார்த்த காட்சி இது. அந்தப் பீங்கான் ஃபியூஸ் கட்டையிலிருந்து இந்த வாரம் தொடங்குகிறேன். நம் வீடுகளில் பல ஆண்டுகளாக ஓசையில்லாமல் உழைக்கும் மலிவான கருவிகளில் அதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

இந்தக் கட்டைகள் பிறக்கும் ஊர்களில் ஒன்று கடலூர் மாவட்டத்து விருத்தாசலம். அதற்குக் கிழக்கே, நெய்வேலிச் சுரங்கங்களை ஒட்டிக் கிடக்கிறது கம்மாபுரம் ஒன்றியம். நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956-ல் தொடங்கப்பட்டது; சுரங்கம் வெட்டிப் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961-ல்தான். அதை எட்டுவதற்குள் மேலே கிடந்த மண்ணை மலைமலையாக அள்ளிக் கொட்ட வேண்டியிருந்தது. நிலக்கரியை மூடியிருந்த அடுக்குகளில் பீங்கானுக்கு ஏற்ற வெண்களிமண்ணும் இருந்தது. அந்த மண் அருகிலேயே கிடைத்த விருத்தாசலத்தில் பீங்கானுக்கென்றே ஒரு தொழிற்பேட்டை உண்டு. செராமிக் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு தரும் கல்லூரியும் உண்டு. கொலு பொம்மை, அகல் விளக்கு, கோப்பை, ஃபியூஸ் கட்டை என்று இங்கிருந்து லாரி ஏறும் பொருள்கள் பல.

களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகிய மூன்றையும் அரைத்துக் கலந்து, அச்சில் வடித்து, காயவைத்துச் சுடுகிறார்கள். சூளை 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி, மண் துகள்களுக்கு இடையே உள்ள துளைகளை அடைத்துவிடுகிறது. அதன் பிறகு அந்தப் பொருள் துருப்பிடிக்காது, எரியாது, மின்சாரத்தைக் கடத்தாது, புளிக்கும் உப்புக்கும் அசையாது. வீட்டில் அது செய்யும் வேலைகள் எல்லாம் இந்தக் குணங்களிலிருந்து வருபவை.

ஃபியூஸ் கட்டை

அளவுக்கு மேல் மின்சாரம் பாயும்போது கட்டைக்குள் இருக்கும் மெல்லிய கம்பி உருகி அறுந்துபோகிறது. வீட்டு ஒயர்கள் தப்பிக்கின்றன. கம்பி அறும் நொடியில் தீப்பொறி பறக்கும். அந்தச் சூட்டில் மரக்கட்டை பற்றிக்கொள்ளும். பேக்கலைட் கருகினால், அந்தக் கரியே மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். பீங்கானுக்கு இரண்டும் நேராது. புதுக் கம்பி கட்டினால் கட்டை மறுபடியும் வேலைக்குத் தயார்.

இதைக் கெடுப்பது நம் அவசரம்தான். அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று, கைக்குக் கிடைத்த செப்பு ஒயரின் இழைகளை முறுக்கிக் கட்டுகிறவர்கள் உண்டு. அப்படிக் கட்டினால் கம்பி உருகாது; சுவருக்குள் ஓடும் ஒயர்தான் உருகும். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்பது 1,150 வாட். விளக்குக்கும் மின்விசிறிக்கும் அது போதும். 2,000 வாட் ஹீட்டர் ஒன்றே 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். அதற்குத் தனி லைனும் அதற்குரிய கம்பியும் வேண்டும். கடையில் ஆம்பியர் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மெயின் சுவிட்சை அணைக்காமல் கட்டையைத் தொடாதீர்கள். ஃபியூஸ் காப்பது ஒயரைத்தான், மனிதரை அல்ல. மின்னதிர்ச்சியிலிருந்து உயிரைக் காக்க மின்கசிவுத் துண்டிப்பான் தனியாக வேண்டும்.

ஜாடியும் எறும்புக் கிண்ணமும்

ஊறுகாய்க்கு ஜாடி என்பதைப் பழக்கம் என்று மட்டும் எண்ண வேண்டாம். எலுமிச்சைச் சாறும் புளியும் அலுமினியத்தை அரிக்கும். எவர்சில்வரைக்கூட, மாதக்கணக்கில் உப்பு தங்கினால் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். பீங்கான் ஜாடியின் மெருகு கண்ணாடிப் படலம் என்பதால் உப்பும் புளிப்பும் அதனிடம் தோற்றுப்போகின்றன. கனத்த சுவர் வெளிச்சத்தை உள்ளே விடாது. வெயிலின் சூட்டையும் சட்டென்று உள்ளே கடத்தாது. வேடு கட்டி வைத்த மாங்காய் அடுத்த கோடை வரை நிற்பதற்கு உப்பும் எண்ணெயும் பாதிக் காரணம், ஜாடி மீதிக் காரணம்.

எறும்புக் கிண்ணத்தை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். நடுவில் மேடும் சுற்றிலும் பள்ளமுமாக இருக்கும். மேட்டின் மேல் அலமாரியின் கால் நிற்கும், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். எறும்பு தாண்ட முடியாது, மரக்காலும் நனையாது. மருந்துப் பொடி தூவாமல் சர்க்கரையையும் தின்பண்டத்தையும் காப்பாற்ற இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஒன்றில் மட்டும் கவனம் தேவை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இவ்வளவு தண்ணீரே போதும்; முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க அதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

மெருகு பூசாத பகுதி

இதுவரை சொன்னவை மெருகிட்ட பீங்கானின் வேலைகள். மெருகு இல்லாத பீங்கானும் நமக்கு உழைக்கிறது. காபிக் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சொரசொரப்பாக ஒரு வளையம் தெரியும். சூளையில் தட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த இடத்தில் மெருகு பூசுவதில்லை. அந்த வளையம் கத்தியின் எஃகைவிடக் கடினமானது. கோப்பையை ஈரத்துணியின் மேல் அசையாதபடி கவிழ்த்து, கத்தியை ஏறக்குறைய 20 டிகிரி சாய்த்து, ஒரே திசையில் சில முறை இழுத்து, மறுபக்கமும் அப்படியே செய்தால் மழுங்கிய காய்கறிக் கத்தி தக்காளித் தோலை வழுக்காமல் அறுக்கும். சாணை பிடிப்பவர் தெருவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் கத்தியையும் கோப்பையையும் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

தண்ணீர் வடிகட்டியில் நிற்கும் வெள்ளை மெழுகுவத்தி போன்ற கேண்டிலும் இந்த வகைதான். துளைகள் முழுவதும் அடைபடாதபடி சுடுவதால் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் மிஞ்சியிருக்கும். தண்ணீர் கசிந்து இறங்கும், அழுக்கும் பெரும்பாலான பாக்டீரியாவும் வெளியே நின்றுவிடும். பாரிஸில் லூயி பாஸ்டரின் ஆய்வகத்தில் பணியாற்றிய சார்லஸ் சேம்பர்லேண்ட் 1884-ல் இப்படி ஒரு பீங்கான் வடிகட்டியை உருவாக்கினார். நோயுற்ற புகையிலைச் செடியின் சாற்றை ரஷ்ய விஞ்ஞானி திமித்ரி இவனோவ்ஸ்கி 1892-ல் அந்த வடிகட்டியில் வடித்தார். வடிந்த சாற்றுக்கும் நோய் பரப்பும் சக்தி இருந்தது. பாக்டீரியாவைவிடச் சிறிய ஒன்று உலகில் உண்டு என்று காட்டிய சோதனைகளில் அது முதன்மையானது. வைரஸ் பற்றிய அறிவியல் அங்கிருந்து கிளம்பியது.

கேண்டிலின் எல்லையும் அந்தச் சோதனையிலேயே இருக்கிறது. வைரஸ் அதைக் கடந்துவிடும், கரைந்த உப்பும் கடந்துவிடும். ஆழ்துளைக் கிணற்று உவர்நீர் கேண்டிலில் இறங்கினாலும் உவர்நீராகத்தான் இருக்கும். வடித்த தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது நல்லது. கேண்டிலைச் சோப்பு போடாமல் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். முடி அளவு விரிசல் கண்டாலும் மாற்றிவிடுங்கள். விரிசல் வழியே வருவது வடிகட்டாத தண்ணீர்.

வாங்கும்போது

விரலால் சுண்டுங்கள். கணீரென்று ஒலித்தால் விரிசல் இல்லை, நன்றாக வெந்திருக்கிறது. மந்தமாக ஒலித்தால் வைத்துவிடுங்கள். மெருகில்லாத அடிப்பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று உறிஞ்சினால் அது குறைந்த சூட்டில் எடுத்த பொருள், ஊறுகாய்க்கு உதவாது. உணவுக்கான பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாக இருக்கட்டும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் மெருகுகளில் சிலவற்றில் ஈயமோ காட்மியமோ கலந்திருக்கலாம். புளிப்பு அதைக் கரைத்து உணவில் சேர்க்கும்.

உறிஞ்சும் கணக்கு அகல் விளக்குக்கும் பொருந்தும். சாதாரண மண் அகல் முதலில் எண்ணெயைக் குடிக்கும். மெருகிட்ட பீங்கான் அகல் குடிக்காது, ஊற்றியது முழுவதும் சுடராகும். கழுவி எடுத்து வைத்தால் அடுத்த கார்த்திகைக்கும் அதுவே ஆகும்.

வீட்டுச் சாமான் மலிவாக இருந்தால் சீக்கிரம் கெட்டுவிடும் என்ற பயம் நமக்கு உண்டு. மோட்டாரும் பேட்டரியும் உள்ள பொருள்களில் அந்தப் பயம் நியாயமானது. வேலையைச் செய்வது மண்ணின் குணமே என்றால், கெட்டுப்போக அதில் ஒரு பாகமும் இல்லை. கீழே போடாமல் வைத்திருந்தால் பேரப்பிள்ளை காலம் வரை உழைக்கும்.

வேண்டுகோள் ஒன்று. பிளாஸ்டிக் டப்பாவுக்கும் தூர தேசத்து இறக்குமதிக்கும் முன்னால், உங்கள் ஊர்க் கடையில் விருத்தாசலம் சரக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்குபவர் கேட்டால்தான் கடைக்காரர் வரவழைப்பார், சூளையும் எரியும். அந்த வேலையை நம்பி வாழும் குடும்பங்கள் விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் இருக்கின்றன.

(தொடரும்)