துப்பறியுங் கதையின் சுவை

கொலை கொடிது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. எனினும், எறும்பையும் மிதியாது ஒதுங்கிச் செல்லும் நல்லோர் கொலையொன்றைப் பொருளாகக் கொண்ட நாவலை இரவு நெடுநேரம் விழித்திருந்து படிக்கின்றனர். தொலைக்காட்சியில் அத்தகைய கதை நிகழும்பொழுது இருக்கைவிட்டு எழ மனங்கொள்ளார். இம்முரண்பாட்டின் காரணத்தை ஆராய்தல் பயனுடைத்து.

துப்பறியுங் கதை மிகப் பழைய இலக்கிய வகையன்று. அமெரிக்க எழுத்தாளராகிய எட்கர் அலன் போ 1841 ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுகதையே இதற்கு வித்திட்டது என்பர். பாரிசு நகரில் இரு பெண்டிர் மாண்ட மருமத்தை டூப்பன் என்பவன் அறிவின் துணைகொண்டு துலக்குவது அக்கதை. ஆர்தர் கொனன் டொயில் 1887 இல் அறிமுகஞ் செய்த ஷேர்லொக் ஹோம்ஸ் உலகப் புகழ் எய்தினான். 1929 இல் ரொனல்ட் நொக்ஸ் என்னுங் கத்தோலிக்க குரு இக்கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிவோன் காணுந் தடயங்கள் உடனுக்குடன் வாசகனுக்கும் காட்டப்படல் வேண்டும். இயற்கையிகந்த ஆற்றல்களால் முடிச்சு அவிழ்தல் ஆகாது என்பன அவற்றுட் சில. இவ்வாறு துப்பறியுங் கதை ஆசிரியனும் வாசகனும் அறிவினால் ஆடும் ஆட்டமாயிற்று.

ஆயின், மறைபொருளை அறிதலே இச்சுவையின் முழுக் காரணம் எனல் பொருந்தாது. ஒஸ்ரின் பிறீமன் 1912 இல் வெளியிட்ட கதைத் தொகுதியிற் சில கதைகள், குற்றம் புரிந்தவன் இன்னான் என்பதை முதலிலேயே கூறிவிட்டு, அவன் அகப்படும் வகையைப் பின்னர் விரிக்கின்றன. பீற்றர் போக் நடித்த 'கொலம்போ' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரும் அந்நெறியினதே. 1968 இல் தனிப்படமாகத் தோன்றி 1971 இல் தொடராகிய அதன் பெரும்பாலான கதைகளிற் கொலை தொடக்கத்திலேயே காட்டப்படுகின்றது. கொலைஞன் பெரும்பாலும் செல்வமும் செல்வாக்கும் உடையவன். துப்பறிவோனோ கசங்கிய மழையங்கியும் பழைய மோட்டார் வண்டியுமாய் வருபவன். அவனை எளியனென மதித்தவன், தான் பொருட்படுத்தாது விட்ட சிறு தடயத்தினால் வீழ்கின்றான். குற்றவாளியை முன்னரே அறிந்திருந்தும் காண்போர்க்குச் சுவை குன்றுவதில்லை. ஆதலின், உண்மையானது சான்றுகளாற் படிப்படியாக நிலைநாட்டப்படும் முறையே சுவைக்கு உறைவிடம் என்பது பெறப்படும்.

இவ்வின்பத்திற்குக் குறையும் உண்டு. இறந்தவன் புதிரின் ஓர் உறுப்பாகச் சுருங்கிவிடுகின்றான்; அவனுக்காக அழுவார் கதையில் அரியர். றேமண்ட் சாண்ட்லர் 1944 இல் எழுதிய கட்டுரையொன்றில், இங்கிலாந்தின் புதிர்க்கதைகள் வாழ்க்கைக்குப் புறம்பானவை எனக் கண்டித்தார். மேலும், கதையின் இறுதி அதிகாரம் ஐயமனைத்தையும் நீக்கிவிடும். நீதிமன்றத்திலோ அத்துணைத் தெளிவு எப்பொழுதுங் கிட்டுவதில்லை.

எனினும், இக்கதைகளாற் பெறத்தகும் பாடமொன்று உளது. வாசகன் ஒருவர்பின் ஒருவராகப் பலரை ஐயுறுகின்றான். அவருட் பெரும்பாலார் அக்குற்றத்தைச் செய்யாதவர் என்பதை முடிவிலே காண்கின்றான். ஐயம் வேறு, துணிபு வேறு என்பதை அவன் தன் பிழைபட்ட ஊகங்களாலேயே கற்றுக்கொள்கின்றான்.

இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதால் விளைந்த கேட்டினைச் சிலப்பதிகாரம் காட்டும். பொற்கொல்லன் சொல்லைப் பாண்டியன் ஆராயாது ஏற்றான்; கோவலன் கொலையுண்டான். சிலம்பின் பரல் முத்தோ மாணிக்கமோ என்னுஞ் சோதனை முன்னரே நிகழ்ந்திருப்பின் ஓருயிரைக் காத்திருக்கும். பின்னர் நிகழ்ந்தமையால் அரசனுயிரையும் உடன்கொண்டு சென்றது. அயலான்மீது பழிச்சொல் எழும்பொழுது சான்று யாதென வினவும் பழக்கம், துப்பறியுங் கதையை விரும்பிப் படிப்போரிடம் வேரூன்றுமாயின், அவர்கள் இரவு விழித்துப் படித்தது வீண்போகாது.