வீட்டுப் படங்களும் ஓர் அமானிதமே

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய என்னிடம் உம்மா கேட்டார்கள்: "மகனே, வாப்பாவுடைய தொப்பி போட்ட படத்தைக் கொஞ்சம் காட்டு, பார்த்து வெகு நாளாகிறது."

எங்கள் வாப்பா மர்ஹூம் அவர்கள் படம் எடுத்துக்கொள்வதை விரும்பாத தலைமுறையைச் சேர்ந்தவர்கள். ஹஜ் பயணத்திற்கெனப் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம் ஒன்று. என் தங்கையின் நிகாஹ் அன்று உறவினர் எடுத்த படங்கள் இரண்டு. ஆக மூன்றே படங்கள். அச்சுப் பிரதிகள் பூஞ்சை பிடித்து நிறம் மங்கத் தொடங்கியதால், தங்கை மகன் அவற்றை ஸ்கேன் செய்து கணிப்பொறியில் ஏற்றியிருந்தார். வீட்டின் மற்றப் படங்களும் அங்கேயே சேர்ந்தன. எல்லாருக்கும் பயன்படட்டும் என்று அந்தப் படத்தொகுப்பை, ரவுட்டருடன் இணைந்த நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தோம்.

அன்று படத்தொகுப்பு திறக்கவில்லை. 'திறக்க இயலவில்லை' என்ற ஒற்றை வரியே திரையில் நின்றது. உம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

துபாயில் இருக்கும் மருமகனுக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். "மாமா, ரிப்பேர் செய்யட்டுமா என்று கணிப்பொறி கேட்டாலும் இப்போது எதையும் அழுத்தாதீர்கள். முதலில் பிரதி எடுக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் ஊருக்கு வருகிறேன், சேர்ந்து பார்ப்போம்" என்றார். இந்த ஒரு சொல்தான் எங்கள் படங்களைக் காப்பாற்றியது. அதன் பொருளை வாசக அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

படம் வேறு, பட்டியல் வேறு

ஆப்பிள் கணிப்பொறியில் உள்ள ஃபோட்டோஸ் செயலியின் படத்தொகுப்பு, பார்வைக்கு ஒரே கோப்பாகத் தோன்றும். உண்மையில் அது ஒரு பெரிய பெட்டி. அதனுள் 'ஒரிஜினல்ஸ்' என்னும் அறையில் படங்கள் இருக்கும். 'டேட்டாபேஸ்' என்னும் மற்றோர் அறையில் ஒரு பட்டியல் இருக்கும். எந்தப் படம் எந்த ஆல்பத்தைச் சேர்ந்தது, படத்தில் இருப்பவர் யார், நாம் திருத்தி எழுதிய தேதி என்ன என்பனவெல்லாம் அந்தப் பட்டியலில்தான் பதிவாகின்றன. கடையில் சரக்கு ஒரு புறமும் கணக்குப் புத்தகம் மற்றொரு புறமும் இருப்பது போன்ற ஏற்பாடு இது.

சரக்கு பத்திரமாக இருக்க, கணக்குப் புத்தகம் மட்டும் கிழிந்துபோகலாம். எங்கள் வீட்டில் நடந்தது அதுவே.

அந்தப் பட்டியல் எஸ்க்யூலைட் என்னும் முறையில் எழுதப்படுவது. ஒருவர் எழுதும்போது மற்றவர் குறுக்கிடாதிருக்கப் பூட்டுப் போட்டு எழுதுவது அதன் வழக்கம். கணிப்பொறிக்குள்ளேயோ, நேரடியாகக் கம்பியில் இணைத்த டிஸ்க்கிலோ அந்தப் பூட்டு சரியாக விழும். நெட்வொர்க் வழியே எழுதும்போது அதனை முழுமையாக நம்ப இயலாது. எஸ்க்யூலைட்டை உருவாக்கியவர்களே இதனை எச்சரித்திருக்கிறார்கள். நெட்வொர்க்கில் பகிரப்படும் டிஸ்க்கில் படத்தொகுப்பை வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமும் தன் உதவிக் குறிப்பில் சொல்லியிருக்கிறது. அடோபியின் லைட்ரூம் கிளாசிக் செயலியிலும் இதே நிலைதான். படங்கள் நெட்வொர்க்கில் இருக்கலாம், ஆனால் 'கேட்டலாக்' எனப்படும் பட்டியல் நம் கணிப்பொறியோடு நேரே இணைந்த டிஸ்க்கில் இருத்தல் வேண்டும்.

இதனைப் படியாதது எங்கள் குற்றம். நான் ஒரு கணிப்பொறியிலும் என் மகள் வேறொன்றிலும் ஒரே தொகுப்பைத் திறந்து வைத்திருந்தோம். அந்த நேரத்தில் மின்சாரம் போயிற்று. ரவுட்டருக்கு யுபிஎஸ் இல்லை. பாதி எழுதிய நிலையில் பட்டியல் அறுபட்டது.

என்ன செய்தோம்?

மருமகன் ஊர் வந்ததும், எல்லாக் கணிப்பொறிகளிலும் ஃபோட்டோஸ் செயலியை மூடினார். அடுத்து, அந்த நெட்வொர்க் டிஸ்க்கில் உள்ள வேறு கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்தார். அவையும் திறக்கவில்லையெனில் குறை படத்தொகுப்பில் இல்லை. கம்பி, ரவுட்டர், கடவுச்சொல், அனுமதி ஆகியவற்றையே ஆராய வேண்டும். டிஸ்க் நிரம்பி இடமில்லாது போயிருந்தாலும் இவ்வாறு நேரலாம். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்ற ஓசை வந்தால் உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் கொடுப்பதே நலம். எங்கள் டிஸ்க் நலமாகவே இருந்தது.

அதன்பின் புதிய வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை ஏபிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்து கணிப்பொறியுடன் நேராக இணைத்தார். முழுத் தொகுப்பையும் அதற்குப் பிரதி எடுத்தார். ஏறக்குறைய 400 ஜிகாபைட். வைஃபையில் வினாடிக்கு 20 மெகாபைட் வீதம் சென்றால் ஐந்தரை மணி நேரத்திற்கு மேலாகும். கிகாபிட் ஈதர்நெட் கம்பியில் வினாடிக்கு 110 மெகாபைட் வரை செல்லுமாதலால் ஒரு மணி நேரம் போதும். ஆகவே கம்பியையே இணைத்தோம்.

பழுது பார்ப்பது அந்தப் பிரதியின் மீதுதான். மூலத்தைத் தொடவே இல்லை. ஆப்ஷன், கமாண்ட் ஆகிய இரு விசைகளையும் அழுத்திக்கொண்டு ஃபோட்டோஸைத் திறந்தால் 'ரிப்பேர்' என்ற வாய்ப்பு வரும். பலருக்கு இதுவே போதுமானது. எங்களுக்குப் போதவில்லை, பட்டியல் அந்த அளவுக்குச் சிதைந்திருந்தது.

கடைசி வழியாக, பிரதியின் மீது வலப்பக்க விசையை அழுத்தி, 'ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்' என்பதைத் தேர்ந்து, ஒரிஜினல்ஸ் அறையிலிருந்த படங்களையெல்லாம் புதிய தொகுப்பு ஒன்றில் ஏற்றினார். கோப்புகளின் பெயர்கள் எண்ணும் எழுத்துமாய் நீண்டு கிடந்தன. படங்கள் மட்டும் பழுதின்றி இருந்தன. அல்ஹம்துலில்லாஹ்! வாப்பாவின் மூன்று படங்களும் கிடைத்தன.

இழந்தவை

எனினும் இழப்பு இல்லாமல் இல்லை. ஆல்பங்கள் போயின. நாங்கள் செய்த திருத்தங்கள் போயின. கேமராவில் எடுத்த படங்களுக்குத் தேதி படத்திற்குள்ளேயே பதிந்திருந்தமையால் அவை வரிசையில் நின்றன. ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கோ, நாங்கள் தட்டச்சு செய்த ஆண்டும் பெயர்களும் பட்டியலில் மட்டுமே இருந்தன; அவை அழிந்தன. வாட்ஸப்பில் சாதாரணப் படமாக வந்தவற்றிலும் எடுத்த தேதி இருப்பதில்லை.

ஆகவே அன்றிரவு உம்மாவை அருகில் அமர்த்திக்கொண்டு பழைய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினோம். "இது உன் பெரியம்மா. இந்தப் பிள்ளை சிறு வயதிலேயே வபாத்தாகிவிட்டது. இவர் வாப்பாவின் கூட்டாளி, நமக்கு வீடு கட்டக் கைமாற்றுத் தந்தவர்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். என் மகள் நோட்டில் எழுதினாள். பல முகங்களை அவர்களைத் தவிர எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கணிப்பொறியில் அழிந்ததை எழுதித்தர உம்மா இருந்தார்கள். இன்னும் பத்தாண்டு கழித்து இது நேர்ந்திருந்தால் யாரிடம் போய்க் கேட்டிருப்போம்?

இனிச் செய்ய வேண்டியவை

இப்போது எங்கள் படத்தொகுப்பு கணிப்பொறியுடன் நேரே இணைந்த டிஸ்க்கில் இருக்கிறது. நெட்வொர்க் டிஸ்க்கை விலக்கிவிடவில்லை. செயலியை மூடிய பின் இரவில் பிரதி எடுத்து வைக்க அது மிகப் பொருத்தமானது. இன்னொரு டிஸ்க்கில் எடுத்த மூன்றாம் பிரதி தங்கை வீட்டில் உள்ளது. தீயும் வெள்ளமும் திருட்டும் ஒரே வேளையில் இரு வீடுகளையும் தாக்குவது அரிது.

ரெய்டு முறையில் இரண்டு டிஸ்க் பூட்டியிருக்கிறோம், அதுவே பிரதிதானே என்று சிலர் எண்ணுவர். அது ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமலிருக்க உதவும்; அவ்வளவே. தவறி ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் அது அந்தக் கணமே அழியும். சிதைந்த பட்டியலும் இரண்டிலும் சிதைந்தே இருக்கும்.

பெயரையும் ஆண்டையும் பட்டியலில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். ஃபோட்டோஸில் மூலப் படத்தை எக்ஸ்போர்ட் செய்யும்போது, தலைப்பையும் குறிப்பையும் எக்ஸ்எம்பி என்னும் தனிக் கோப்பாக உடன் எடுக்க வழியுண்டு. அச்சுப் படமாயின் பின்புறம் பென்சிலால் மென்மையாக எழுதிவைத்தாலே போதும்.

சகோதர, சகோதரிகளே! பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். நம் முன்னோரின் முகங்களும் பெயர்களும் நம் பிள்ளைகளுக்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவையே. இந்த வாரம் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். உங்கள் வீட்டுப் படங்களுக்கு எத்தனை பிரதிகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் என்றால் இரண்டாவதை அன்றே எடுங்கள். பிறகு வீட்டுப் பெரியவர்களின் அருகில் அமர்ந்து, படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.