செயின் நீளுவதில்லை

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வண்டி 20,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, அதற்குள் ‘செயின் செட்’ போய்விட்டது என்கிறாராம் மெக்கானிக். ஏமாற்றுகிறாரா என்று கேட்கிறார். பெரும்பாலும் ஏமாற்றவில்லை. வீட்டிலேயே வண்டியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஆயில் மாற்றுகிறார்கள், ஏர் ஃபில்டரைத் தட்டிப் போடுகிறார்கள், பிளக்கைக் கழற்றித் துடைக்கிறார்கள். (ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கார் ஆயிலை ஊற்றினால், அதே ஆயிலில் மூழ்கிக் கிடக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கக்கூடும்.) செயினை மட்டும் யாரும் சீந்துவதில்லை.

செயின் நீண்டுவிட்டது என்று பட்டறையில் சொல்வார்கள். எஃகுத் தகடு அப்படி நீண்டுவிடாது. எங்கள் ஊர் வீட்டு வாசல் கதவு தரையை உரசத் தொடங்கியபோது மரம் இறங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆசாரி வந்து கீலைக் கழற்றிக் காட்டினார்: உள்ளே ஆணி மெலிந்து, அது நுழையும் துளை அகன்றிருந்தது. செயின் என்பது அப்படிப்பட்ட நூற்றுச் சொச்சம் கீல்களின் வரிசை.

ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், புஷ்ஷைச் சுற்றி ஓர் உருளை. சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றுவரை பெரிய மாற்றமில்லை. நம் ஊர் 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் இருப்பது 428 என்ற எண் கொண்ட செயின். அதில் முதல் 4 என்பது எட்டில் நான்கு பங்கு அங்குலம், அதாவது அரை அங்குலம். ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 12.7 மில்லிமீட்டர். சைக்கிள் செயினிலும் இதே அரை அங்குலம்தான். கனமும் அகலமும் வேறு.

இப்போது கணக்குப் போடுங்கள். பின்னும் புஷ்ஷும் தேய்ந்து ஒவ்வொரு கண்ணியிலும் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால், 100 கண்ணிக்கு ஒரு சென்டிமீட்டர். செயினின் கண்ணி இடைவெளி கூடிவிட்டது, பல்சக்கரத்தின் பல் இடைவெளியோ அதே 12.7. உருளை பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறுகிறது. பல் ஒரு பக்கமாகத் தேய்ந்து கொக்கிபோல் வளைகிறது. அந்தச் சக்கரத்தில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் கெடும். செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்வது இதனால்தான். சந்தேகமிருந்தால், பின்சக்கரப் பல்வட்டத்தின் பின்கோடியில் செயினை விரலால் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் அதன் காலம் முடிந்தது.

தேய்வது உள்ளே என்பதால் எண்ணெய் போகவேண்டியதும் உள்ளேதான். அழுக்குச் செயினின் மேல் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் மணலைக் குழைத்து அரைக்கிறார்கள், அவ்வளவுதான். முதலில் டீசலிலோ மண்ணெண்ணெயிலோ நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம். கனமான வண்டிகளின் செயினில் கிரீஸை உள்ளே அடைத்து வைக்கும் ரப்பர் வளையங்கள் இருக்கும். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் அவற்றைக் கெடுத்துவிடும். பிறகு 90 கியர் ஆயிலைக் கீழ்ச்செயினின் உள்பக்கத்தில், கண்ணிக்குக் கண்ணி, சொட்டுச் சொட்டாக விடுங்கள். சுழலும்போது எண்ணெய் வெளிப்பக்கம் வீசப்படும். உள்பக்கம் விட்டால்தான் போகும் வழியில் பின்னையும் புஷ்ஷையும் நனைத்துவிட்டுப் போகும். இரவில் செய்துவிட்டுக் காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடலாம்.

சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடிக்கிற கெட்டிக்காரர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறேன். துணி சிக்கினால் விரலும் கூடவே போகும். ஐந்து நிமிடம் மிச்சம் பிடிப்பதற்கு விரலைப் பணயம் வைப்பானேன்?

வாட்டர் சர்வீஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்டி பளபளவென்று வருகிறது, சரி. பம்ப்பின் அழுத்தம் செயினில் இருந்த கொஞ்சநஞ்ச எண்ணெயையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அப்படியே நிறுத்தி வைத்தால் துரு. பெட்ரோல் டேங்குக்கு மெழுகு போட்டு மினுக்குகிறவர்கள் செயினுக்கு நாலு சொட்டு எண்ணெய் விட யோசிக்கிறார்கள். முழு மூடி போட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் அலட்சியம்: கண்ணில் படாததற்குப் பராமரிப்பு எதற்கு! அந்த மூடியில் ஒரு சின்ன ரப்பர் தக்கை இருக்கிறது. அதைப் பிடுங்கினால் செயின் தெரியும். அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

தொய்வைக் கீழ்ச்செயினின் நடுவில், மேலும் கீழும் அசைத்து அளக்க வேண்டும். பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது இன்ஷூரன்ஸ் காகிதங்களோடு பீரோவில் தூங்கும் கையேட்டில் இருக்கிறது. தொய்வே இல்லாமல் இறுக்குவதைச் சிலர் திறமை என்று நினைக்கிறார்கள். பின்னால் ஆள் ஏறி உட்காரும்போது சக்கரம் வளைவாக மேலே நகர்ந்து, இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் கூடும். அப்போது கொடுக்கத் தொய்வில்லாவிட்டால், இழுவை முழுவதும் கியர்பாக்ஸ் பேரிங்கில் விழும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை என்பதால், சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அளந்து, எங்கே அதிக இறுக்கமோ அங்கே வைத்து, ஆக்சில் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தை நகர்த்திச் சரிசெய்யுங்கள். ஆக்சிலின் இரண்டு பக்கமும் உள்ள அளவுக் கோடுகளில் அது ஒரே அளவில் நிற்க வேண்டும்.

ஆக்சில் நட்டை முறுக்கிய கையோடு பிரேக்கை மறந்துவிடாதீர்கள். சக்கரம் பின்னுக்கு நகர்ந்தால் டிரம் பிரேக்கின் கம்பியும் இழுபடும். மிதிக்காமலே பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டிருக்கும். சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். உரசினால் கம்பியின் முனையிலுள்ள நட்டைச் சற்றுத் தளர்த்தினால் போதும்.