மின்சார ஸ்மோக்கர்: பிளக்கைச் செருகிவிட்டால் வேலை முடிந்ததா?

இணையக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். சின்னக் குளிர்பதனப் பெட்டி மாதிரி இருக்கும். முன்பக்கம் ஒரு கதவு, மேலே சில பொத்தான்கள், வெப்பநிலையைக் காட்டும் திரை. கரி வேண்டாம், விசிற வேண்டாம், நெருப்புக்குப் பக்கத்தில் காவல் நிற்க வேண்டாம். காலையில் இறைச்சியை உள்ளே வைத்தால் மதியம் புகைமணத்தோடு சாப்பாடு தயார் என்கிறது விளம்பரம்.

'மின்சார' என்ற அந்த ஒரு சொல்தான் பலரையும் குழப்புகிறது. ரைஸ் குக்கர், ஏர் ஃபிரையர் வரிசையில் இதையும் சமையலறை மேடையில் வைத்துவிடலாம் என்று தோன்றும். வைக்கவே கூடாது. இந்தப் பெட்டியிலிருந்து நெருப்பை எடுத்துவிட்டார்கள், புகையை எடுக்கவில்லை. புகை வராவிட்டால் அதை வாங்குவதில் அர்த்தமே இல்லையே!

அதனால் காசு கொடுக்கும் முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது? அதை எங்கே வைப்பது?

உள்ளே என்னதான் நடக்குது?

பெட்டியின் அடியில் ஒரு மின்கம்பிச் சுருள் இருக்கும். கேத்தலில் (அதாவது தண்ணீர் சுடவைக்கும் ஜக்கில்) இருப்பது போன்றதுதான். அதன் மேல் அல்லது பக்கத்தில் மரச்சில்லுகள் போடும் சின்னத் தட்டு. அதற்கு மேலே ஒரு தண்ணீர்த் தட்டு. அப்புறம் இறைச்சி வைக்கும் கம்பித் தட்டுகள். சுருள் சூடானதும் மரச்சில்லு கொழுந்துவிட்டு எரியாமல் கனன்று புகையும். பெட்டிக்குள் வெப்பம் நீங்கள் வைத்த அளவைத் தாண்டினால் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கும், குறைந்தால் மறுபடியும் கொடுக்கும்.

வெப்பம் வழக்கமாக 105 முதல் 120 டிகிரி செல்சியஸ். கரி அடுப்பில் சாத்தே வாட்டும் சூட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. இது வாட்டும் கருவியும் அல்ல. மெதுவாக வேகவைக்கும் ஓவன், கூடவே புகை. அவ்வளவுதான்.

புகைமணம் எங்கிருந்து வருகிறது? மரத்தை இறுகப் பிடித்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் உடையும்போது குவாயகால், சிரிங்கால் போன்ற சேர்மங்கள் உருவாகின்றன. நாம் 'புகைவாசம்' என்று சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். ஈரமான, குளிர்ந்த மேற்பரப்பில் இவை நன்றாக ஒட்டிக்கொள்ளும். சமையலின் முதல் இரண்டு மூன்று மணி நேரப் புகைதான் முக்கியம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு கைப்பிடிச் சில்லு, அது தீர்ந்ததும் இன்னொரு கைப்பிடி. தட்டு நிறையக் கொட்டினால் அடர்ந்த வெள்ளைப் புகை வந்து இறைச்சி கசக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய நீலப் புகை வந்தால் நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

மரச்சில்லை ஊறவைக்கணுமா? தேவையில்லை. ஊறிய சில்லில் இருந்து முதலில் வருவது வெறும் நீராவி. தண்ணீர் வற்றிய பிறகுதான் புகையவே தொடங்கும்.

ஏன் இவ்வளவு நேரம்?

ஆட்டுத் தோள்பட்டை போன்ற உழைத்த தசைகளில் கொலாஜன் அதிகம். சட்டென்று வறுத்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். உட்புற வெப்பம் 70 டிகிரிக்கு மேல் போய், அங்கேயே நெடுநேரம் இருந்தால்தான் கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகும். 90 முதல் 95 டிகிரியை எட்டும்போது முள்கரண்டியால் தொட்டாலே நார் நாராகப் பிரியும். எலும்போடு 2 கிலோ துண்டுக்கு 6 முதல் 8 மணி நேரம்கூட ஆகலாம்.

முதல் தடவை செய்பவர்கள் பயந்துபோகும் கட்டம் ஒன்று நடுவில் வரும். உட்புற வெப்பம் 65, 70 டிகிரி வரை கிடுகிடுவென்று ஏறும். பிறகு அப்படியே நின்றுவிடும். ஒரு மணி நேரம் போகும், இரண்டு மணி நேரம் போகும், முள் நகராது. பெட்டி கெட்டுப்போகவில்லை. இறைச்சிக்கு வியர்க்கிறது! மேற்பரப்பில் இருந்து ஈரம் ஆவியாகும்போது அது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே வரும் சூடும் வெளியே போகும் சூடும் சமமாகிவிடுவதால் அந்தத் தேக்கம். பொறுமை இருந்தால் காத்திருங்கள். விருந்தாளி வாசலில் நின்றால் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி மறுபடியும் உள்ளே வையுங்கள். ஆவி வெளியேற வழியில்லாததால் வெப்பம் ஏறத் தொடங்கும்.

கதவை மட்டும் அடிக்கடி திறக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சூடும் புகையும் வெளியே கொட்டிவிடும். கரியில் செய்த இறைச்சியை வெட்டினால் ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம் தெரியும். மின்சார ஸ்மோக்கரில் அது மங்கலாகத்தான் வரும், சில நேரம் வரவே வராது. எரிகிற நெருப்பில் உருவாகும் நைட்ரஜன் வாயுக்கள் இதில் குறைவு என்பதே காரணம். படத்துக்குத்தான் நஷ்டம், ருசிக்கு இல்லை.

கோழியா, ஆடா?

கோழித் தொடையில் தொடங்குங்கள். விலை குறைவு, தப்பு நடந்தாலும் தாங்கும், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். 120 டிகிரியில் வைத்து, தொடையின் தடித்த பகுதியில் எலும்பைத் தொடாமல் இறைச்சி வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 74 டிகிரி குறைந்தபட்சப் பாதுகாப்பு எல்லை. தொடைக்கு 80 வரை போனால் இன்னும் மென்மை.

நிறத்தை நம்பாதீர்கள். புகையில் வெந்த கோழி முழுவதும் வெந்த பிறகும் எலும்புப் பக்கம் இளஞ்சிவப்பாக இருக்கலாம். வேகாத கோழி வெளியே பொன்னிறமாக இருக்கலாம். எனவே ஸ்மோக்கருக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதியை நல்ல வெப்பமானிக்கு ஒதுக்குங்கள் என்பது என் கருத்து. பெட்டியின் கதவில் தெரியும் எண் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பம், கோழியுடையது அல்ல.

தோல் மொறுமொறுப்பாக வராது. இந்தச் சூட்டில் வரவும் வழியில்லை. கடைசியில் ஐந்து நிமிடம் ஏர் ஃபிரையரில் போட்டு எடுங்கள்.

நம் மசாலா பற்றியும் சொல்லியாக வேண்டும். தயிர் கலந்த மசாலா நன்றாக வேலை செய்யும், ஈரம் புகையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மல்லித்தூள், மிளகாய்த்தூளைத் தடிமனாக அப்பினால் எண்ணெயில் வதங்காததால் பச்சை வாசம் போகாது. தூளை வெறும் வாணலியில் லேசாக வறுத்துவிட்டுப் பூசுங்கள்.

இன்னொன்று. நுண்ணுயிரிகள் வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரிக்குள். பெட்டி சூடாகும் வரை இறைச்சி குளிர்பதனப் பெட்டியிலேயே இருக்கட்டும். குளிர்ப் புகையூட்டல் என்று 30 டிகிரிக்கும் கீழே மீனைப் புகையூட்டும் காணொளிகளைப் பார்த்து முயற்சி செய்யாதீர்கள். நம்ம ஊர் மதிய வெயிலே 31, 32 டிகிரி!

சரி, எங்கே வைப்பது?

இங்கேதான் சிங்கப்பூரில் சிக்கல். நம்மில் பெரும்பாலோர் இருப்பது கழக வீடுகளில்.

வீட்டுக்குள் வைக்க முடியாது. கனலும் மரத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கி உயிரையே எடுக்கலாம். ஜன்னலைச் சாத்திக் குளிர்சாதனம் போட்ட வீட்டில் அபாயம் இன்னும் அதிகம். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் கட்டாயமாக்கப்பட்ட தீ எச்சரிக்கைக் கருவி இருக்கிறதே என்று நினைக்கலாம். அது புகையைக் கண்டு அலறும். புகை அடங்கிய பிறகும் தங்கியிருக்கும் கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்க அது உருவாக்கப்படவில்லை. சமையலறைப் புகைபோக்கி மின்விசிறியும் பதில் அல்ல. பல வீடுகளில் அது காற்றை வடிகட்டி மறுபடியும் உள்ளேயேதான் விடுகிறது.

வாசலுக்கு வெளியே? பொது நடைபாதை தீ விபத்தின்போது எல்லோரும் தப்பித்துப் போகும் வழி. குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே சூடான பெட்டியும் நீண்ட மின்கம்பியும் வைப்பதை யாரும் ஏற்கமாட்டார்கள். சாம்பிராணி போட்டாலே முகம் சுளிக்கும் அண்டைவீட்டார் இருக்கும் ஊர் இது. ஆறு மணி நேரம் புகை மேலே போனால், மேல்மாடியில் கழியில் காயும் துணியெல்லாம் உங்கள் ஆட்டிறைச்சி வாசம்தான்.

கூட்டுரிமை வீட்டு மாடத்திலும் இதே பிரச்சினை. நிர்வாகக் குழுவின் விதிகளைப் படித்துப் பாருங்கள். பொது பார்பிக்யூ இடத்தில் சொந்தக் கருவியைச் செருக அனுமதி உண்டா என்றும் கேளுங்கள்.

மிஞ்சுவது தரைவீடு. அங்கும் திறந்தவெளியில், கூரைக்கு அடியில் இல்லாமல், சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் எல்லாப் பக்கமும் 3 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். வரிசை வீட்டின் பின்புறத்தில் அவ்வளவு இடம் இருக்கிறதா? வாங்கும் முன்பே கையேட்டை இணையத்தில் தேடிப் படித்துவிட்டு அளந்து பாருங்கள். மழை வந்தால் நிறுத்திவிட வேண்டும், குடை பிடித்துக்கொண்டு தொடரும் வேலை இல்லை.

மலிவாகக் கிடைக்குதே, அமெரிக்காவிலிருந்து வாங்கலாமா?

இது பலரும் யோசிக்காத பொறி. அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கே 230. பிளக் மட்டும்தானே வேறு, அடாப்டர் போட்டால் போச்சு என்று நினைத்தால் கணக்கைப் பாருங்கள். வெப்பச் சுருளின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 230ஐ 120ஆல் வகுத்தால் 1.9. அதன் வர்க்கம் சுமார் 3.7. அதாவது 800 வாட் பெட்டி கிட்டத்தட்ட 2,900 வாட் இழுக்கும். சுருள் கருகும், தீப்பிடிக்கவும் கூடும். அடாப்டர் செருகியின் வடிவத்தை மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. 230 வோல்ட்டுக்கென்றே செய்த கருவியை மட்டும் வாங்குங்கள்.

வெளியே பயன்படுத்துவதால் மின்கசிவுத் துண்டிப்பான் வேலை செய்கிறதா என்று சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். நீட்டிப்புக் கம்பி கட்டாயம் என்றால், வெளிப்புறப் பயன்பாட்டுக்கான தடித்த கம்பி. கட்டணம் பெரிதில்லை. 800 வாட் கருவி 5 மணி நேரம் விடாமல் ஓடினாலும் 4 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் 1 வெள்ளி 20 காசு.

உடம்புக்கு?

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் பதப்படுத்தப்பட்ட இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை பட்டியலில் சேர்த்தது. உப்பிடுதல், புகையூட்டுதல் எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பட்டியல் சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை, ஒரு துண்டு எவ்வளவு ஆபத்து என்பதை அல்ல. மின்சார ஸ்மோக்கரில் கொழுப்பு நேரடியாகத் தணலில் சொட்டிப் புகைவது குறைவு, அதுவரை நல்லது. ஆனாலும் வாரம் தவறாமல் சாப்பிடும் பொருளாக இதை ஆக்காதீர்கள். பழைய பலகை, சாயம் பூசிய மரம், ஒட்டுப்பலகை எதையும் போடக்கூடாது. சமையலுக்கென்று விற்கும் சில்லு மட்டும்.

அப்போ கழக வீட்டில் இருப்பவர்களுக்கு?

ஸ்மோக்கர் வேண்டாம், புகைமணம் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் போன்ற பூங்காக்களில் பார்பிக்யூ அடுப்பை முன்பதிவு செய்யுங்கள். கரி நன்றாகக் கனன்றதும் எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளுங்கள். ஒரு பிடி மரச்சில்லை அலுமினியத் தாளில் மடித்து, இரண்டு மூன்று துளை போட்டுக் கரியின் மேல் வையுங்கள். கோழித் தொடை மறுபக்கம், கரிக்கு நேர் மேலே இல்லாமல். அதன் மேல் பெரிய அலுமினியத் தட்டைக் கவிழ்த்து மூடுங்கள். வெப்பமானியை மறக்காதீர்கள், மேலே சொன்ன 74 டிகிரி இங்கேயும் பொருந்தும்.

மீந்துபோனால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் போகட்டும், மூன்று நான்கு நாளைக்குள் சாப்பிட்டுவிடுங்கள். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் தேங்காய் மட்டைப் புகையில் வாட்டிய 'சாலாய்' இறைச்சியை மஞ்சள், சிலி பாடி, தேங்காய்ப்பால் சேர்த்து மசாக் லெமாக் வைப்பார்கள். உங்கள் கோழியையும் பிய்த்து அப்படியே போடலாம். புகைமணம் குழம்பிலும் இறங்கிவிடும், உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள்.