மலைத்தேனீயைத் தேடிப் போனவர்கள்

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் குளவி கலைந்தால் கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். குளவிக் கொட்டுக்கு ஆளானவர்கள் வைத்தியசாலையில் என்பது மலையகத்தில் பழகிப்போன செய்தி. பத்திரிகைகள் பொதுவாகக் குளவி என்றே எழுதும். அதில் மலைத்தேனீயும் உண்டு. சிங்களத்தில் அதன் பெயர் பம்பரா.

அதே மாவட்டத்தின் தாழ்நிலத்தில், மஹியங்கனைக்குக் கிழக்கே தம்பானையில் வாழும் ஆதிவாசிகளோ அந்தத் தேனீயைத் தேடிப் போனவர்கள். தங்களை 'வன்னியலா எத்தோ', அதாவது காட்டு மனிதர், என்று சொல்லிக்கொள்பவர்கள்.

மலைத்தேனீ பொந்துக்குள் கூடு கட்டாது. செங்குத்தான பாறையிலோ உயர்ந்த கிளையிலோ ஒற்றை அடையைத் தொங்கவிடும். சில அடைகள் ஒரு மீட்டர் அகலம்கூட வரும். அதை எடுக்கும் விதத்தை மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளிவந்த தங்கள் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஜூன், ஜூலைதான் காலம். காட்டுக்கொடியால் ஆன ஏணி பாறை உச்சியிலிருந்து இறங்கும். அதில் தொங்கிக்கொண்டே ஒருவர் புகை போட்டு, மரக்கருவியால் அடையை அறுத்து, மான்தோல் பாத்திரத்தில் ஏந்துவார். பாறையில் உறையும் ஆவிகளுக்குப் பாட்டுப் படிப்பதும் அந்த வேலையில் சேர்ந்ததே.

புகை எதற்கு? ஒரு தேனீ கொட்டியதும் அந்த இடத்திலிருந்து ஒரு வாசனை கிளம்பும். அதை மோப்பம் பிடித்து மற்றவை பாயும். புகை அந்த வாசனையை அமுக்கிவிடும். தேனீயின் அந்த எச்சரிக்கை வாசனையில் உள்ள முக்கியப் பொருளை ஆய்வாளர்கள் இனங்கண்டது 1962இல்தான்.

தேன் ஆதிவாசிகளுக்கு இனிப்பு மட்டுமல்ல. கண்டி இராச்சியத்தில் பல ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் ஒரு காட்சி வருகிறது. வேடர்கள், அதாவது இந்த ஆதிவாசிகள், மரத்தைக் குடைந்து, தேனை ஊற்றி, இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கு வைத்துக்கொள்வார்களாம். சீனிப்பாகில் கிடக்கும் பழம் கெடாத அதே கணக்குத்தான். தேன் ஈரத்தை உறிஞ்சுவதால் கிருமி வளராது.

காட்டில் தேன் மட்டுமல்ல, மருந்தும் உண்டு. ஊவா மாகாணத்தின் மறுபக்கம், மொனராகலை மாவட்டத்தில் ரத்துகல ஆதிவாசிகளின் அயலில் நில்கல காடு. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் அங்கே ஒருங்கே விளைகின்றன. நாம் கடையில் திரிபலா என்று பொடியாக வாங்குவதன் மூலச் சரக்கு இதுதான்.

1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. தம்பானையார் வேட்டையாடிய, தேன் எடுத்த காடு அதற்குள் போயிற்று. பல குடும்பங்களை ஹெனானிகல போன்ற நெல் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். தலைவர் திசாஹாமி நகர மறுத்து, 1998இல் இறக்கும்வரை தம்பானையிலேயே இருந்தார். அவருடைய மகன் ஊருவரிகே வன்னில எத்தோ 1996இல் ஜெனிவா வரை போய் ஐ.நா. மன்றத்தில் முறையிட்டார்.

விலங்குகளுக்குப் புகலிடம் வேண்டும் என்பதில் தகராறில்லை. ஆனால் அந்தக் காட்டை அதுவரை உயிரோடு வைத்திருந்தவர்களையே அத்துமீறி நுழைபவர்கள் ஆக்கியது என்ன நியாயம்? பாறைக்குப் போக முடியாத பையனுக்கு ஏணி பின்னக் கற்றுக்கொடுத்து ஆவதென்ன?

இப்போது தம்பானைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் வில்லும் கோடரியுமாக நிற்பவரோடு படம் எடுத்து, ஒரு போத்தல் தேனும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அடுத்த முறை நீங்கள் போனால், அது பம்பராத் தேனா, பொந்துத் தேனா, எந்தப் பூவின் தேன் என்றும் கேளுங்கள்.