தாய்மையும் மனநோய் மருந்தும்



சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பாடசாலையிற் கற்பித்த இளம் ஆசிரியை ஒருவர், தாம் கருவுற்றிருப்பதை அறிந்த அன்றே, நான்கு வருடங்களாக உட்கொண்டுவந்த குளிகைகளைக் குப்பையிற் கொட்டிவிட்டார். களிவெறியும் பெருஞ்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்க்காக இலிதியம் என்னும் மருந்து அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. “பிள்ளைக்கு ஆகாது” என்றனர் வீட்டுப் பெரியோர், அவரும் நம்பினார். ஐந்தாம் மாதத்தில் இரவெல்லாம் உறங்காது வீட்டினுள் நடந்து திரிந்தார். ஆறாம் மாதத்தில் அவரை ஆஸ்பத்திரியிற் சேர்க்க நேர்ந்தது.

நான் வைத்தியனல்லன், வரலாறு கற்றவன். ஆயினும் அந்நிகழ்ச்சி என்னை விடவில்லை. வைத்தியர்களை உசாவியும் நூல்களைப் படித்தும் நான் அறிந்தவற்றையே இன்று கூறப் போகின்றேன்.

அப்பெரியோரின் அச்சம் ஆதாரமற்றதன்று. தலிடோமைட் என்னும் உறக்க மருந்து 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. தீங்கற்றதெனக் கருதிக் கர்ப்பிணிகளும் அதை உட்கொண்டனர். 1961இல் அது மீளப் பெறப்படுவதற்குள், கைகால் குறைந்து பிறந்த குழந்தைகள் பல நாடுகளில் ஆயிரக்கணக்காயினர். அதன் பின்னர், கர்ப்பிணிக்கு மருந்து என்றாலே உலகம் நடுங்கத் தொடங்கியது.

இலிதியத்தின் கதையைக் கேளுங்கள். 1949இல் ஆஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் அதன் பயனை வெளியிட்டார். 1970களில், இலிதியம் உண்ட தாய்மாரின் குழந்தைகள் பற்றிய பதிவேடுகளிலே ஓர் அரிய இருதயக் குறைபாடு மிகுதியாகக் காணப்பட்டது. சாதாரணமாக நிகழ்வதிலும் 400 மடங்கு என்றுகூடக் கணித்தார்கள். ஆனால் அப்பதிவேடுகள் வைத்தியர்கள் தாமாக அனுப்பிய செய்திகளால் ஆனவை. நலமாய்ப் பிறந்த பிள்ளையைப் பற்றி யார் கடிதம் எழுதுவார்? பழைய ஆவணங்களைப் படிக்கும் மாணவர்க்கு நான் அடிக்கடி கூறும் எச்சரிக்கை இங்கும் பொருந்துகின்றது. 2017இல் அமெரிக்காவில் பதின்மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட கர்ப்பங்களை ஆராய்ந்தபோது, இலிதியம் உண்ட தாய்மாரின் குழந்தைகளில் 1000க்கு ஏறக்குறைய 24 பேருக்கும், உண்ணாதவர்களின் குழந்தைகளில் 1000க்கு ஏறக்குறைய 12 பேருக்கும் இருதயக் குறைபாடு காணப்பட்டது. நாளொன்றுக்கு 600 மில்லிகிராமுக்கு மேற்படாத அளவில் வேறுபாடு சொற்பமே. 900ஐக் கடந்தபோது மும்மடங்காயிற்று. தீங்கு உண்டு, ஆனால் அஞ்சிய அளவிலன்று.

எல்லா மருந்தும் இத்தகையதென்று எண்ணிவிடலாகாது. வலிப்புக்கும் இதே மனநோய்க்கும் வழங்கப்படும் வல்புரோவேற்று என்னும் மருந்தை உண்ட தாய்மாரின் குழந்தைகளில் 100க்கு 10 பேரளவில் உடற் குறைபாடுடன் பிறக்கின்றனர். 100க்கு 30 முதல் 40 வரையானோர் பேச்சிலோ அறிவு வளர்ச்சியிலோ பின்தங்குகின்றனர். ஆதலால், கருத்தடை ஏற்பாடின்றிக் கருவுறக்கூடிய வயதுப் பெண்களுக்கு அதை வழங்கலாகாது என 2018இல் பிரித்தானியாவில் விதி செய்யப்பட்டது. இம்மருந்தை உண்பவர் கருத்தரிக்குமுன்னரே வைத்தியரிடம் சென்று வேறொன்றுக்கு மாறிக்கொள்ளல் வேண்டும். கருவின் முதுகுத்தண்டுக் குழாய் நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகின்றது. அந்நேரம் பல பெண்கள் தாம் கருவுற்றதையே அறியார்.

இனி, தராசின் மற்றைத் தட்டைப் பார்ப்போம். மருந்தை நிறுத்தினால் தீங்கில்லை என்ற எண்ணமே எம்மிடையே பெரும்பிழை. இந்நோயுடைய கர்ப்பிணிகள் 89 பேரை ஆராய்ந்து 2007இல் வெளியான முடிவின்படி, மருந்தைத் தொடர்ந்தோரில் 100க்கு 37 பேருக்கும், நிறுத்தியோரில் 85 பேருக்கும் நோய் மீண்டது. உண்ணாமலும் உறங்காமலும், சில வேளை உயிரை மாய்க்கவும் துணியும் தாயின் வயிற்றிலே பிள்ளை நலமாயிருக்குமென்று எவ்வாறு கொள்வது?

பிரசவத்தின் பின்னரே அபாயம் மிகுகின்றது. பொதுவாக 1000 தாய்மாரில் ஒருவர் அல்லது இருவருக்குப் பிரசவத்தை அடுத்த நாட்களிற் கடும் சித்தப்பிரமை தோன்றும். இந்நோய் முன்னரே உள்ளவர்களிடம் அது பன்மடங்கு அதிகம். பிரான்சிய வைத்தியர் மார்சே 1858இலேயே இதுபற்றித் தனிநூல் எழுதினார். எம்மூரிலோ இன்றும் “பேய் பிடித்தது” என்று பரிகாரியைத் தேடுவோர் உளர்.

இலிதியத்தைத் தொடர்பவர் கவனிக்க வேண்டியவை சில. கர்ப்ப காலத்திற் சிறுநீரகம் விரைந்து வேலை செய்வதால் இரத்தத்தில் மருந்தின் அளவு குறையும்; பிரசவமானதும் ஏறும். ஆகவே அடிக்கடி இரத்தம் சோதிக்கப்படல் வேண்டும். உடலில் நீர் வற்றினால் அதன் அளவு நஞ்சாகுமட்டும் உயரலாம். மசக்கையில் ஓயாது வாந்தியெடுப்பவரும், துடக்கு நாட்களில் “தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும்” என்று தாகத்தோடு விடப்படுபவரும் இவ்வபாயத்துக்கு ஆளாவர். பத்தியக் கறி கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; தண்ணீரை மறுப்பது கூடாது. சில நோவு மருந்துகளும் அவ்வளவை உயர்த்துமாதலால், எக்குளிகையையும் கேளாது விழுங்கலாகாது. கைநடுக்கம், தள்ளாட்டம், குழறிய பேச்சு ஆகியன கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க.

தாய்ப்பாலில் இலிதியம் கணிசமாகக் கலப்பதால் வைத்தியர் பலர் போத்தற் பாலையே விதிக்கின்றனர். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் செற்றலின் போன்றவை பாலில் மிகக் குறைவாகவே சேர்வதால், அவற்றை உண்ணும் தாய்மார் பெரும்பாலும் பாலூட்டலாம். எதை உண்பது, எதை விடுவது என்பதை மருத்துவ மாதுவிடம் மறைக்காது கூறி, மனநோய் வைத்தியரும் மகப்பேற்று வைத்தியரும் கலந்து முடிவுசெய்ய இடங்கொடுத்தல் வேண்டும்.

நான் முதலிற் கூறிய ஆசிரியை மருந்தை மீண்டும் தொடங்கிச் சுகமாகப் பிரசவித்தார். ஆனால் நெடுநாள் அப்பிள்ளையை அவர் தொட்டுத் தூக்கவில்லை. இரண்டாம் பிள்ளையை விரும்பியபோது, கருத்தரிக்க ஆறு மாதத்துக்கு முன்னரே கணவரும் அவருமாகக் கிளினிக்குக்குப் போனார்கள். மருந்தின் அளவு குறைக்கப்பட்டது, ஆனால் நிறுத்தப்படவில்லை. உறக்கம் கெட்டால் நோய் எழும் என்று வைத்தியர் எச்சரித்திருந்ததால், இரவுப் போத்தல்கள் இரண்டும் கணவரின் பொறுப்பாயின. விடியற்காலைப் போத்தல், முன்னர் மருந்து ஆகாதென்ற அதே மாமியாருடையது.