மருந்தை முடிவு செய்வது குழல்தான்

மலையடிவாரத் துப்பாக்கிகள் – 9

1755-ல் கர்னல் ஹெரானின் படை வந்து நின்றபோதும் கப்பம் கட்ட மறுத்த நெற்கட்டும்செவல் பூலித்தேவரைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். பாளையக்காரர் போர் ஓய்ந்ததும், 1801 டிசம்பர் 1 அன்று கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார். தென்சீமை மக்கள் ஆயுதம் ஏந்துவதற்கு அதோடு தடை விழுந்தது. 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் அந்தப் பிடியை நாடு முழுவதும் இறுக்கியது.

சுதந்திர இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் விவசாயிக்கு ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அதன் 13-வது பிரிவு, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்க்காவலுக்காக வைத்துக்கொள்ள உரிமம் கொடுப்பதைத் தனியாகவே குறிப்பிடுகிறது. மலையடிவார ஊர்களான மேக்கரையிலும் வடகரையிலும் தென்னந்தோப்புக்குள் யானை இறங்குகிறது. கிழங்குக் காட்டையும் கடலைக் காட்டையும் பன்றி உழுதுவிட்டுப் போகிறது. ராத்திரிக் காவல் கிடப்பவர் கையில் ஒரு ஒற்றைக்குழல் இருந்தால், அதற்குள் எந்த மருந்து போவது நல்லது என்ற கேள்வியும் கூடவே இருக்கும். இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

முதலில் வேலை நடக்கும் விதம். குழலின் வாய்வழியே அளந்த மருந்து, அதன்மேல் நார், பிறகு ரவை, மறுபடி நார். கம்பியால் இடித்துக் கெட்டித்து, பின்பக்கத்து முலையில் கேப்பு மாட்டினால் துப்பாக்கி தயார். குதிரை விழுந்ததும் கேப்பின் தீ சின்னத் துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்ற வைக்கும். அழுத்தம் முழுவதையும் தாங்க வேண்டியது அந்தப் பழைய இரும்புக் குழல் ஒன்றுதான்.

அந்தக் குழல் பிறந்ததே கரிமருந்துக்காக. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த இந்த மருந்தின் பெரிய குணம், எதிர்பார்த்தபடி எரிவது. ஆலையில் அதை அழுத்தி, மணிமணியாக உடைத்து, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். மணி பொடியாக இருந்தால் வேகமாக எரியும், பருத்திருந்தால் நிதானமாக எரியும். குறையும் உண்டு. எரிந்ததில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். வெண்புகையாகக் கண்ணை மறைப்பதும், கறுப்புப் பிசினாகக் குழலுக்குள் ஒட்டுவதும் அதுதான். சிறு பொறியே போதும் என்பதால் வைத்திருப்பதிலும் ஆபத்து உண்டு.

அந்த ஆபத்தைக் குறைக்கத்தான் அமெரிக்காவில் மாற்று மருந்துகள் வந்தன. 1970-களில் வந்த பைரோடெக்ஸ் அவற்றில் பேர்போனது. அதைக் கண்டுபிடித்த டான் பாவ்லக், 1977-ல் தன் ஆலையில் நேர்ந்த தீ விபத்திலேயே இறந்துபோனார். வைத்திருப்பதில் ஆபத்து குறைவு என்று பேர் வாங்கிய மருந்தும் ஆலைக்குள் உயிரைக் குடித்திருக்கிறது. பின்னால் வந்த டிரிபிள் செவனில் கந்தகம் கிடையாது, தண்ணீரிலேயே சுத்தமாகும். ஆனால் வேகம் அதிகம் என்பதால், கரிமருந்து அளவில் 15 சதவீதம் குறைத்துப் போட வேண்டும். இவற்றை எடை போட்டு அளக்கக் கூடாது. கரிமருந்துக்கான அளவுக் குவளையில் கொள்ளளவாகத்தான் அளக்க வேண்டும். பைரோடெக்ஸ் எடை குறைந்தது. கரிமருந்தின் எடைக்குச் சமமாக நிறுத்துப் போட்டால் மருந்து மிஞ்சிப்போகும். இந்த இரண்டு மாற்று மருந்துகளும் பற்றிக்கொள்ளக் கூடுதல் சூடு வேண்டும். கேப்புத் துப்பாக்கிக்கு ஒத்துவரும். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியின் கிண்ணத்துக்குக் கரிமருந்தை விட்டால் வழியில்லை.

இவற்றையெல்லாம் விட நம் பக்கத்தில் கவலை தருவது வேறு இரண்டு மாற்றுகள். ஒன்று, தோட்டாவைப் பிரித்து எடுக்கும் புகையில்லா மருந்து. 1884-ல் பிரான்சின் பால் வியே உருவாக்கிய அந்த வகை மருந்துக்கு, கரிமருந்தைப்போல் சுமார் மூன்று மடங்கு வலு. அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏற ஏற அது எரியும் வேகமும் ஏறும். பழைய குழல் அதைத் தாங்காது. பின்பக்கம் பிளந்தால் சேதம் சுடுகிறவரின் கண்ணுக்கும் கைக்கும்தான்.

இன்னொன்று, பட்டாசைப் பிரித்துக் கொட்டும் மருந்து. பட்டாசு மருந்து குண்டைத் தள்ளுவதற்காகச் செய்ததல்ல, சத்தத்துக்காகச் செய்தது. அலுமினியத் தூள் கலந்த மருந்து கண நேரத்தில் மொத்தமாக வெடிக்கும். உராய்வே அதற்குப் போதும். சிவகாசி ஆலைகளில் மணி மருந்து உராய்ந்து நேரும் விபத்துகளைச் செய்திகளில் படிக்கிறோம். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவையைப் பட்டாசிலேயே 1992-ல் தடை செய்துவிட்டார்கள். அப்படிப்பட்ட மருந்தைக் குழலுக்குள் கொட்டிக் கம்பியால் இடிப்பது உயிரோடு விளையாடுவது.

குற்றாலச் சாரலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் காற்றே ஈரமாக இருக்கும். சுட்டபின் குழலில் ஒட்டிய கசடு அந்த ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். பைரோடெக்ஸில் பெர்குளோரேட் இருப்பதால் அதன் கசடு இன்னும் மோசம். சுட்ட அன்றைக்கே வெந்நீர் ஊற்றி, துணி சுற்றிய கம்பியால் கறுப்பு நிற்கும்வரை தேய்த்து, நன்றாக உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் துப்பாக்கிகளுக்கும் இதே பக்குவம் வேண்டும். அரித்துப்போன குழலுக்கு எந்த மருந்துமே பாதுகாப்பில்லை.

ஆகவே என் முடிவு இது. வாய்வழித் துப்பாக்கிக்கு உரிமம் பெற்ற கடையில் வாங்கிய கரிமருந்தே உகந்தது. மாற்று என்றால், அந்த வகைத் துப்பாக்கிக்கென்றே ஆலையில் செய்ததாக இருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. வீட்டில் மருந்து அரைப்பது 1884 வெடிபொருள் சட்டப்படி குற்றம். பயிர்க்காவல் உரிமம் விலங்கைக் கொல்லும் உரிமம் ஆகாது. பன்றித் தொல்லைக்கு வனத்துறையிடம்தான் போக வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி இருந்தால், மருந்து கெட்டித்தபடியே கிடக்கிறதோ என்னவோ, நீங்களாகக் கையை வைக்காதீர்கள். காவல் நிலையத்தில் சொல்லி, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

(தொடரும்)